பூவர் ஐயரும் பஞ்சாங்கமும்

ஏட்டிலிருந்து கரும்பலகைக்கு – வரலாற்றுத் தொடர் – 11

ஜேம்ஸ் கேரட் என்ற அமெரிக்க அச்சுக்காரர் 1820இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததையும், வந்த சூட்டோடு தீவை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு வந்ததையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அவருக்காகக் கொண்டுவந்த அச்சுப்பொறி நல்லூரில் இருந்த இங்கிலாந்துத் திருச்சபை மிஷனாரிகளின் கைக்குப் போனது. மனிதர் பம்பாய்க்குப் போய்விட்டார். கொழும்பில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த லெப்டினன்ட் கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸின் கொள்கையில் சிக்கல் ஒன்றும் இல்லை. ஏற்கெனவே வந்துவிட்ட அமெரிக்கர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், புதிதாக ஒருவரும் வரக் கூடாது, அவ்வளவுதான். பிரிட்டனும் அமெரிக்காவும் போரிட்டு ஓய்ந்து அப்போது ஐந்தாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. வடக்கு முனையில் போதகர்கள் என்ற பெயரில் வந்து குடியேறும் யாங்கிகளைக் கவர்னர் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில் வியப்பில்லை.

இந்தத் தடை 1833 வரை நீடித்தது. அமெரிக்க மிஷனுக்குத் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என ஐந்து நிலையங்கள். பார்த்துக்கொள்ள 1822க்குப் பிறகு எஞ்சியவர்கள் ஆறே ஆண்கள்: பூவர், மெய்க்ஸ், வின்ஸ்லோ, ஸ்போல்டிங், உட்வர்ட், மருத்துவரான ஸ்கடர். அவர்களுடைய மனைவிமார் செய்த வேலையை மிஷன் கணக்கேடுகள் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். செத்தவர்களுக்குப் பதிலாள் இல்லை, நோயாளிகளுக்கு ஓய்வு இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து ஆள் வராது என்றால் இந்த மண்ணிலேயே ஆளை உருவாக்கியாக வேண்டும். கொழும்பு மாளிகையிலிருந்து வந்த அந்த ஒரு தடையுத்தரவு இல்லாதிருந்தால் வட்டுக்கோட்டைச் செமினறி அத்தனை அவசரமாக, அத்தனை பெரிய ஆசையோடு பிறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த ஆசையின் சொந்தக்காரர் டானியல் பூவர். ஊரார் வாயில் பூவர் ஐயர்.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் டான்வர்ஸ் என்ற ஊரில் 1789இல் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியில் 1811இல் பட்டம், அண்டோவர் இறையியல் கல்லூரியில் 1814இல் படிப்பு முடிவு. மறு ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ‘டிரையட்’ என்ற இரு பாய்மரக் கப்பலில் புறப்பட்டார். கூடவே மனைவி சூசன். ஐந்து மாதக் கடற்பயணம். 1816 மார்ச் 22இல் கொழும்பு. அப்போதைய கவர்னர் பிரவுன்ரிக் முகம் கோணாமல் வரவேற்று, யாழ்ப்பாணத்துக்குப் போக அனுமதி கொடுத்தார். அக்டோபரில் பூவரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழையில் குடியேறினார்கள். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் எடுத்துக்கொண்டு, ஆங்கிலேயர் கவனிக்காமல் விட்ட பழைய தேவாலயமும் அதை ஒட்டிய வீடும் இவர்களுக்குக் கிடைத்தன. கூரை இல்லாத சுவர்கள், உள்ளே வளர்ந்த மரங்கள், வெளவால்கள்.

வாரன் காசநோய்க்காரர். கடற்காற்று குணமாக்கும் என்று நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பினார்கள். 1818 ஆகஸ்டில் கேப்டவுனில் இறந்தார். அதே மாதத்தில் தெல்லிப்பழையில் பூவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் டானியல் வாரன் பூவர். சூசன் 1821 மே மாதத்தில் காலமானார். மறு ஆண்டு, அதே கப்பலில் வந்த ரிச்சர்ட்ஸ் போனார். டிரையட் கப்பலில் வந்த ஆண்களில் யாழ்ப்பாணத்தில் எஞ்சியவர்கள் பூவரும் மெய்க்ஸும் மட்டுமே. 1823 தொடக்கத்தில் பூவர் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் ஆன் நைட், நல்லூரில் இருந்த ஜோசப் நைட் ஐயரின் தங்கை. தமிழ் அகராதி ஒன்றுக்குச் சொல் சேர்க்கத் தொடங்கிய அதே நைட்தான். அவர் தொடங்கி வைத்த வேலை கைமாறிக் கைமாறி வின்ஸ்லோவிடம் வந்து, 1862இல் சென்னையில் பெரும் அகராதியாக வெளிவந்த கதை இந்தத் தொடரில் பின்னால் வரும்.

இனி, பள்ளிக்கூடம்.

யாழ்ப்பாணத்துக்குப் பள்ளிக்கூடம் புதிதல்ல. சட்டம்பியார் வீட்டுத் திண்ணையில் மணலில் விரலால் எழுதி, பிறகு பனையோலையில் எழுத்தாணி பிடித்து, நிகண்டும் எண்சுவடியும் மனப்பாடம் செய்யும் பழக்கம் வேளாள வீடுகளில் வேரூன்றியிருந்தது. பூவர் முதலில் செய்தது அந்தச் சட்டம்பிமாரையே சம்பளத்துக்கு அமர்த்தியது. நெற்றியில் திருநீறு பூசிய சைவ ஆசிரியர், கையில் கிறிஸ்தவ வினாவிடை. ஊருக்கு ஊர் இப்படி இலவசத் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. கூலி பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சட்டம்பியார் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்ததில் விசுவாசத்தின் பங்கு எவ்வளவு, வீட்டு அடுப்பின் பங்கு எவ்வளவு என்று கேட்கத் தேவையில்லை.

இரண்டாவது ஏற்பாடு விடுதிப் பள்ளி. தெல்லிப்பழையில்தான் தொடக்கம். உண்ண உணவு, உடுக்கத் துணி, ஆங்கிலப் படிப்பு எல்லாம் இலவசம். ஆனாலும் பிள்ளைகள் வரத் தயங்கினார்கள். காரணம் பைபிள் அல்ல, சோறு. மாட்டிறைச்சி உண்ணும் பரங்கியின் வளவுக்குள் சமைத்த சோற்றை வேளாளப் பிள்ளை தொடுவதா? சமையலுக்கு அதே சாதிக்காரரை வைக்க வேண்டியிருந்தது. வளவுக்கு உள்ளே சாப்பிடுவதா, வெளியே சாப்பிடுவதா என்பதே பெரிய வழக்காயிற்று. பூவர் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்தார். கடவுளின் முன் எல்லாரும் சமம் என்று ஞாயிற்றுக்கிழமை பேசியவர், திங்கட்கிழமை சமையலறையில் சாதி பார்த்தார். விளைவு, இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் வேளாளப் பிள்ளைகளின் பள்ளிகளாகவே வளர்ந்தன. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அந்தப் படிகள் நெடுங்காலம் எட்டாமலே இருந்தன. மிஷன் கல்வியைப் பற்றிப் பெருமை பேசும்போது இந்தப் பக்கத்தை நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

விடுதிச் செலவுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஒருவரோ ஒரு சபையோ ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பினால் ஒரு பிள்ளையைப் பராமரிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதும் கொடையாளியின் உரிமை. அதனால்தான் யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர்களின் பெயர்ப் பட்டியல் வாசிப்பவரைத் திகைக்க வைக்கிறது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. எங்கோ அமெரிக்காவில் கம்பளி ஆடை போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் குடும்பப்பெயர், ‘நியாய இலக்கணம்’ எழுதிய தமிழரின் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகளை அனுப்பிய தகப்பன்மார் ஏமாளிகள் அல்லர். ஒல்லாந்தர் காலத்தில் உத்தியோகம் வேண்டுமானால் ஞானஸ்நானம் வேண்டும் என்ற நிலை இருந்தது. சனங்கள் தேவாலயத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் சுவாமி அறையைப் பூட்டாமல் வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் தலைமுறைகள் தாண்டிக் கைவந்திருந்தது. ஐயர் மதத்தைக் கொடுக்கக் கல்வியைக் காட்டுகிறார், நாம் கல்வியை வாங்க மதத்தைக் கேட்டுக்கொள்வோம் என்பது சொல்லாமல் நடந்த ஒப்பந்தம். பூவருக்கும் இது தெரியும். தெரிந்தேதான் அவர் இந்த வியாபாரத்தில் இறங்கினார். கேட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை.

1823இல் அமெரிக்க மிஷனாரிகள் ஒரு கல்லூரித் திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழ் இளைஞருக்கும் பிறருக்கும் இலக்கியமும் சமயமும் கற்பிக்கும் கல்லூரி. அந்த ஆண்டு அமெரிக்காவில்கூடக் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணிச் சலிக்கும் அளவுக்குப் பெருகிவிடவில்லை. இங்கே வட்டுக்கோட்டையில் பனைகளுக்கு நடுவே ஆறு மிஷனாரிகள், கல்லூரி என்கிறார்கள். அரசாங்கம் பட்டயம் தர மறுத்தது. பட்டயம் இல்லாவிட்டால் பெயரைக் குறைத்துக்கொள்வோம் என்று ‘செமினறி’ என்றார்கள். அந்த ஆண்டு ஜூலையில், ஐந்து நிலையங்களின் விடுதிப் பள்ளிகளிலிருந்து தேறிய பிள்ளைகளை ஒன்று திரட்டி வட்டுக்கோட்டையில் வகுப்புகள் தொடங்கின. முதல் அதிபர் பூவர். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். நண்பராக நின்று உதவிய நீதிபதி சர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயரில் எழுந்த ஒட்லி மண்டபம் பின்னாளைய யாழ்ப்பாணக் கல்லூரியின் அடையாளங்களில் ஒன்றாயிற்று.

அந்தக் கல்லூரித் திட்டத்தில் என்னை நிறுத்திய பகுதி தமிழைப் பற்றியது. ஆங்கிலம் உண்டு, சிலருக்குச் சமஸ்கிருதம் உண்டு, வெகு சிலருக்கு எபிரேயமும் கிரேக்கமும் இலத்தீனும் உண்டு. ஆனால் தமிழ் இலக்கியப் பயிற்சிக்கும் முக்கிய இடம் தந்திருந்தார்கள். குறளும் நன்னூலும் நிகண்டும் தெரியாத ஒருவன் யாழ்ப்பாணத்தில் வாயைத் திறந்தால் யாரும் செவி கொடுக்க மாட்டார்கள் என்பதைப் பூவர் ஐந்தாறு ஆண்டுகளிலேயே கண்டுகொண்டிருந்தார். செய்யுளாகவே ஓடிக்கொண்டிருந்த தமிழில் மாணவர்கள் உரைநடை எழுதிப் பழக வேண்டும் என்ற எண்ணமும் அவர்களிடம் இருந்தது. 1841இல் வெளிவந்த ‘உதயதாரகை’ பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவருமே இந்தச் செமினறியில் படித்தவர்கள்.

கணக்கில் அட்சரகணிதம், கேத்திரகணிதம், திரிகோணகணிதம், மடக்கை. அறிவியலில் இயற்பியலும் வானியலும். கூடவே பைபிளும் கிறிஸ்தவத்தின் சான்றுகளும். ஆரம்ப காலத்தில் ஆசிரியர் என்று சொல்லத் தக்கவர் பூவர் ஒருவரே என்பதால், காலையில் மடக்கை நடத்தியவரே மாலையில் பிரசங்கமும் செய்தார்.

வானியலில்தான் அவர் ஊரோடு மல்லுக்கு நின்றார். 1829இல் நடந்த அந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் அன்றாட வாழ்க்கை பஞ்சாங்கத்தில் தொங்கியது. விதைப்பது, மணம் முடிப்பது, கடலுக்குப் போவது, கோயில் கொடியேற்றம், அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் திதியும் நட்சத்திரமும் வேண்டும். பஞ்சாங்கம் கணிப்பவர் கையில் ஊரின் கடிவாளம் இருந்தது. வட்டுக்கோட்டைக்கு அருகிலேயே, அராலியில், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம் ஒன்று இருந்தது. அப்போது கணித்தவர் விசுவநாத சாஸ்திரி.

அவர்கள் கணித்த முறையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. நிலவின் ஓட்டம் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. அதன் வேகமும் தாமதமும் ஏறக்குறைய 248 நாளில் ஒன்பது சுற்று முடிந்து மறுபடி தொடங்கும். அந்த 248 நாளுக்கும் நிலவு எங்கே நிற்கும் என்பதை 248 சிறு வாக்கியங்களில் அடக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு. வாக்கியத்தைச் சொன்னால் எண் வரும். ஏடு வேண்டாம், தொலைநோக்கி வேண்டாம், வானத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இப்படி வந்ததுதான். 1825இல் புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி ‘கால சங்கலிதம்’ நூலில் பதிந்திருக்கிறார். தெல்லிப்பழை வாரனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. அந்தக் கணியரின் விடையில் தொடக்க நேரம் நான்கு நிமிடமே பிசகியது. நடுவேளை 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. சோழிகளை மட்டும் வைத்துக்கொண்டு போட்ட கணக்குக்கு இது வியக்கத்தக்க நெருக்கம். ஆனால் 52 நிமிடம் 52 நிமிடம்தான்.

பூவர் பற்றிக்கொண்டது இந்த இடைவெளியை. 1829 மார்ச்சில் வரப்போகும் சந்திர கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் சொல்லியிருந்ததை, தாம் ஐரோப்பிய முறையில் கணித்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எப்போது பிடிக்கும், நிலவில் எவ்வளவு பங்கு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற மூன்றிலுமே வேறுபாடு. அதுவும் சாதாரணக் கண்ணுக்கும் சட்டைப்பைக் கடிகாரத்துக்கும் தெரியக் கூடிய வேறுபாடு. வேறொருவராக இருந்தால் கிரகணம் முடிந்த பிறகு பிழையைச் சுட்டிக்காட்டியிருப்பார். பூவர் முன்கூட்டியே அறிவித்தார். ஊரெல்லாம் பேச்சாயிற்று. கிரகணம் பார்க்கத் தெரியாத வெள்ளைக்காரன் சாஸ்திரியாரோடு போட்டிக்கு வருகிறான் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள்.

மார்ச் 20ஆம் தேதி இரவு வானம் பூவர் பக்கம் நின்றது. நேரம், அளவு, கால நீளம் மூன்றும் அவர் சொன்னபடி.

வென்ற கையோடு அவர் நடத்த விரும்பிய வாதத்தை இப்படிச் சுருக்கலாம். பஞ்சாங்கம் பிழை என்றால் அதன் பின்னால் நிற்கும் சாத்திரம் பிழை. சாத்திரம் பிழை என்றால் ராகுவும் கேதுவும் நிலவை விழுங்குவதாகச் சொல்லும் புராணம் அதைவிடப் பெரிய பிழை. புராணம் விழுந்தால் சைவம் விழும். ஒரு கல்லை உருவினால் மொத்தச் சுவரும் சரியும் என்று கணக்குப் போட்டார்.

சுவர் சரியவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் பூவர் எதிராளியைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே தோன்றுகிறது. கிரகணம் நிழலால் வருவது என்பது சித்தாந்த நூல் படித்த கணியர்களுக்குப் பூவர் வந்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புராணம் ஒரு பக்கம், கணிதம் ஒரு பக்கம், இரண்டுக்கும் வேறு வேறு வேலை என்று பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து பழகியவர்கள் அவர்கள். வேதத்தின் ஓர் எழுத்து பிழையானால் எல்லாமே பிழை என்று நினைப்பது பூவர் வளர்ந்த நியூ இங்கிலாந்தின் மனம். யாழ்ப்பாணத்து மனம் கேட்ட கேள்வி வேறு: கணக்கில் பிசகு இருந்தால் கணக்கைத் திருத்த வேண்டியதுதானே, கோயிலை ஏன் பூட்ட வேண்டும்? இன்றைக்கும் யாழ்ப்பாணத்து வீடுகளில் கொக்குவில் ரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கமும் உண்டு, நவீன கணிதத்தின்படி வரும் திருக்கணித பஞ்சாங்கமும் உண்டு. தைப்பொங்கல் நேரத்தில் இரண்டையும் வைத்துக்கொண்டு வாதிடும் குடும்பங்கள் பூவர் ஐயரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டா.

ஆனாலும் அந்த இரவு வீணாகவில்லை. செமினறி மாணவர்களின் தோரணை மாறியது. நேற்றுவரை சாஸ்திரியார் வீட்டு வாசலில் கைகட்டி நின்ற வேளாளப் பையன் இப்போது கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டான். கணக்கு பரம்பரைச் சொத்து என்ற நிலை போய், வகுப்பில் உட்கார்ந்தால் கைக்கு வரும் கலையாயிற்று. பிள்ளையைச் செமினறியில் சேர்க்கத் தகப்பன்மார் முண்டியடித்தார்கள். ஐயருடைய கடவுளைப் பற்றி அவர்களுக்கு ஐயம் இருந்திருக்கலாம். ஐயருடைய கணக்கைப் பற்றி இல்லை.

இதே காலத்தில் தீவின் ஆட்சிமுறையை ஆராய லண்டனிலிருந்து வந்த கோல்புரூக் ஆணைக்குழு, அரசாங்கப் பள்ளிகள் கிடக்கும் கிடையைக் கண்டித்துவிட்டு, வடக்கில் அமெரிக்கர்கள் செய்வதைப் பாராட்டியது. ஒரு தலைமுறை கழித்து காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் வட்டுக்கோட்டை மாணவர்களைச் சோதித்துப் பார்த்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு இதைச் சேர்த்து வைக்கலாம் என்ற பொருள்பட எழுதினார். அரசு அதிகாரிகளின் புகழுரையில் கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள்வது நல்லது. ஆனால் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் இந்தச் செமினறியின் பழைய மாணவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். இதில் உப்புப் போட இடமில்லை. பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே தாமோதரம்பிள்ளைதான். கிறிஸ்தவச் சூழலில் படித்த இருவரும் பிற்காலத்தில் சைவர்களாகவே வாழ்ந்தார்கள். பூவரின் பேரேட்டில் இவர்களை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

1833இல் தடை நீங்கியது. அமெரிக்காவிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். அதற்குள் மிஷனின் கண் பாக்கு நீரிணையைத் தாண்டி மதுரைமேல் விழுந்திருந்தது. 1834இல் ஹோய்சிங்டனும் டாட்டும் அங்கே நிலையம் தொடங்கியபோது துணைக்குப் போனவர்கள் வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள். உள்ளூரிலேயே ஆளை உருவாக்குவது என்ற பழைய கட்டாயம், வெளியூருக்கு ஆள் அனுப்பும் வசதியாக மாறிவிட்டது. பூவரும் 1835 முடிவில் அதிபர் பதவியை விட்டுவிட்டு மதுரைக்குக் கிளம்பினார். வட்டுக்கோட்டைக்கு ஹோய்சிங்டன் வந்தார். வானியலில் பூவருக்குச் சளைக்காதவர், சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

மதுரையில் பூவர் இருந்தது 1841 வரை. ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த மனிதர், பழைய சூத்திரத்தையே அங்கேயும் கையாண்டார். உள்ளூர் ஆசிரியர், உள்ளூர்த் திண்ணை, மிஷன் சம்பளம், மிஷன் புத்தகம். நகரிலும் சுற்றிலும் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளைத் திறந்தார். பல நீடிக்கவில்லை. ஆசிரியர் போனால் பள்ளியும் போகும் ஏற்பாடு அது. 1881இல் பிறந்த அமெரிக்கன் கல்லூரி அந்த மிஷனின் பின்னாளைய கிளை. கல்லூரி நூலகம் இன்றும் டானியல் பூவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே படித்த பலருக்கு அந்தப் பெயர் நூலக அட்டையில் பார்த்த பெயர் மட்டுமே.

தெல்லிப்பழைக்குத் திரும்பியபோது யாழ்ப்பாணம் மாறியிருந்தது. அவர்கள் கற்றுக்கொடுத்த ஆயுதங்கள் எதிர்ப்பக்கத்திலும் இருந்தன. வெஸ்லியன் பள்ளியில் படித்து, பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடப் புத்தகம், வகுப்புப் பிரிவு, பிரசங்கம், அச்சுக்கூடம் எல்லாம் மிஷனிடம் கற்ற பாடங்கள். பூவரின் மகத்தான சாதனை எது என்று என்னைக் கேட்டால், அவர் திறந்த பள்ளிகளைவிட, அவருக்கு எதிராகத் திறந்த பள்ளிகளைத்தான் முதலில் சொல்வேன். மதம் மாறாமலே நல்ல கல்வி பெற முடியும் என்று ஊர் துணிந்ததற்கு, நல்ல கல்வி எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

நாவலர் பள்ளி திறந்த அதே 1848இல் பூவர் அமெரிக்கா புறப்பட்டார். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தாய்நாடு. தெல்லிப்பழையில் பிறந்த மகன் டானியல் வாரன் அங்கே சபைப் போதகராகியிருந்தார். ஊர் ஊராகப் போய் யாழ்ப்பாணத்துக்காகப் பேசினார் பூவர். வயது அறுபது, தங்கிவிடு என்று சொல்ல எல்லாக் காரணங்களும் இருந்தன. தங்கவில்லை. திரும்பி வந்து மானிப்பாயில் பணியேற்றார்.

செமினறியின் நிலை அப்போது சிக்கலாகிவிட்டிருந்தது. வெளியே புகழ், உள்ளே குழப்பம். படித்து முடித்த பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரசங்கிக்கப் போகவில்லை. கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் நில அளவைக்கும் போனார்கள். சென்னைக்கும் போனார்கள். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு அரசாங்கம் தரும் சம்பளத்தில் சொற்ப பங்கைக்கூட மிஷனால் தர முடியவில்லை. மாணவர்களில் திருச்சபை உறுப்பினர்கள் சிறுபான்மையாகிக்கொண்டே வந்தார்கள். பாஸ்டனில் உட்கார்ந்து மிஷனின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன் கேட்கத் தொடங்கினார்: நாம் நடத்துவது திருச்சபையா, அரசாங்க எழுத்தர்களை வார்க்கும் பட்டறையா? ஆங்கிலத்தை நிறுத்துங்கள், தாய்மொழியில் போதகர்களைப் பயிற்றுங்கள் என்பது அவர் முடிவு. மொழியைப் பொறுத்தவரை இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பூவர் கட்டிய செமினறியில் ஆங்கிலமும் தமிழும் ஒன்றை ஒன்று தள்ளாமல் இருந்தன என்பதும், ஆங்கிலத்தை எடுத்துவிட்டால் ஊரார் அந்தப் பழைய ஒப்பந்தத்தில் தங்களுக்கான பங்கை இழப்பார்கள் என்பதும் பாஸ்டனிலிருந்து பார்க்கத் தெரியவில்லை. ஆண்டர்சன் நேரிலேயே வந்து விசாரிப்பதென்று 1854இல் புறப்பட்டார்.

அந்தப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் கோதாரி எனப்படும் காலரா பரவியது. மானிப்பாயில் 1855 பிப்ரவரி 3ஆம் தேதி அது பூவரையும் கொண்டுபோயிற்று. வயது அறுபத்தைந்து.

அதே ஆண்டில் ஆண்டர்சன் வந்தார், மிஷனாரிகளைக் கூட்டிப் பேசினார், வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. முதல் அதிபர் உயிரோடு இருந்து அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசியிருந்தால் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆண்டர்சன் முடிவோடுதான் கப்பல் ஏறினார். ஆனால் செமினறியின் பழைய மாணவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. பாஸ்டன் கைகழுவிய பள்ளியை அவர்கள் எப்படித் தங்கள் பணத்தில் நடத்தினார்கள், 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது அமெரிக்கர்களிடம் எப்படிப் பேரம் பேசினார்கள் என்பது அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)